பெட்டி அழுத பெரிய வெள்ளி

நாலாம் வார்த்தைக்குப் பிறகு பாடிய பாட்டில்தான் பெட்டி அழ ஆரம்பித்தது.

பெரிய வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை எங்கள் தமிழ்ச் சபையில் மும்மணி ஆராதனை நடக்கும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் பேசுவார்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் பின்னால் ஒரு பாட்டு. ஹைதராபாத் ஏப்ரலில் மூன்று மணி நேரம் என்றால் யோசித்துப் பாருங்கள். மின்விசிறிகள் சூட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

அன்றைக்கு மணி அடிக்க மாட்டார்கள். கீபோர்டும் கிடையாது. அதைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு, வருஷம் முழுக்கப் பீரோவுக்குப் பக்கத்தில் தூங்கும் பழைய ஹார்மோனியத்தை எடுத்து வைப்பார்கள். அதைத்தான் பெட்டி என்போம். வாசிப்பவர் டேவிட் மாமா. லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். காயருக்கு, அதாவது பாடகர் குழுவுக்கு, அவர்தான் தலைவர். நான் காயரின் கடைசி வரிசையில், அடிக்குரலில் பேஸ் பாடுகிறவர்களோடு நின்றிருந்தேன்.

முதல் மூன்று பாட்டும் நன்றாகத்தான் போயின. நாலாவது பாட்டு, ஒவ்வொரு அடியின் முடிவிலும் ஒரே சுரத்தில் வந்து நிற்கிற பாட்டு. அந்த இடத்தில் டேவிட் மாமா கட்டையை அழுத்தி நீட்டுவார். அன்று அந்த நீட்டலில் சத்தம் நேராக நிற்கவில்லை. பெரிதானது, சிறுத்தது, மறுபடி பெரிதானது. அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் தோள் குலுங்குமே, அந்த மாதிரி.

முதல் அடியில் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் அடியில் பெண்கள் பக்கம் சில முக்காடுகள் திரும்பின. அடுத்த அடியில், அம்மாவின் சிநேகிதி லில்லி அத்தை முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே சொன்னது காயர் வரிசை வரைக்கும் கேட்டது.

"பெட்டி அழுவுதுடி."

அதற்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராக அழுதார்கள். பாஸ்டர் கண்களை மூடிக்கொண்டார். நான் என் வலது கட்டைவிரல் நகத்தைப் பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த நகத்தின் அடியில் மெழுகு ஒட்டியிருந்தது.

பிசிக்ஸா, பஜனையா

லாலாகுடாவிலிருந்து ஹப்சிகுடாவுக்குச் சைக்கிளில் போய் வேலைக்குச் சேர்ந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், 'அறிவியல் ஆசிரியருக்குக் காயரில் என்ன வேலை' என்று கேட்டிருக்கிறார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார் என்று தோன்றியது. இந்தக் கதை அவருக்குப் பதிலாகுமா, தெரியவில்லை.

சாஃப்ட்வேர் கம்பெனிகள் ஹைடெக் சிட்டியில் மாடி மேல் மாடியாக எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே நுழைவுத் தேர்வுக்கான பவுண்டேஷன் வகுப்பு உண்டு. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், கெட்டிக்காரர்கள். ஒலி பற்றிய பாடத்தில், ஏறக்குறைய ஒரே சுருதியில் இரண்டு ஒலிகள் சேர்ந்தால் சத்தம் எழுந்து எழுந்து அடங்கும் என்று வரும். பீட்ஸ் என்பார்கள். அந்தப் பிள்ளைகள் பீட்ஸ் கணக்கை நிமிஷத்தில் போட்டுவிடுவார்கள். ஒருவரும் அதைக் காதால் கேட்டதில்லை.

நானும் அப்படித்தான் படித்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பரீட்சை எழுதியவன் நான். பீட்ஸ் என்றால் என்ன என்று ஐந்து மார்க்குக்கு எழுதி ஐந்தும் வாங்கியிருக்கிறேன். அது நிஜமாகவே ஒரு சத்தம் என்று தெரிந்தது கல்லூரி லேபில், பத்தொன்பது வயதில். இரண்டு இசைக்கவைகளில் ஒன்றின் முனையில் மெழுகை ஒட்டி, இரண்டையும் தட்டிக் காட்டினார்கள். எனக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. இத்தனை வருஷமாக இதை ஏன் யாரும் காட்டவில்லை?

பள்ளி லேபில் இசைக்கவை இருந்தது, ஒன்றே ஒன்று. அப்போதுதான் சபைப் பெட்டி நினைவுக்கு வந்தது. அது டபுள் ரீட் பெட்டி. ஒரு கட்டையை அழுத்தினால் ஒரே சுருதியில் இரண்டு பித்தளை நாக்குகள் ஒலிக்கும். அவற்றில் ஒன்றின் முனையில் துளி மெழுகு வைத்தால் அதன் சுருதி லேசாக இறங்கும். அவ்வளவு போதும்.

டேவிட் மாமாவிடம் கேட்டால் தர மாட்டார். கோயில் சாவி காயர்காரன் என்ற முறையில் என்னிடமும் ஒன்று இருந்தது. கேட்காமல் எடுத்தேன். போர்வையில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, தார்நாகா வழியாகத் தள்ளிக்கொண்டே போனேன். பீடத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றும் சட்டைப் பையில் இருந்தது.

வகுப்பில் கட்டையை அழுத்தியதும் நாற்பது பிள்ளைகளும் அடங்கிப் போனார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த சாஃப்ட்வேர் குடும்பத்துப் பையன் ஒருவன். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவன். மெல்லச் சொன்னான்.

"சார், இட்ஸ் ஷிவரிங்."

"எண்ணு. நொடிக்கு எத்தனை தடவை?"

"த்ரீ சார். ஒன்ஸ் மோர் சார்."

மூன்றாவது ஒன்ஸ் மோரில் கதவு திறந்தது. கோஆர்டினேட்டர் ராதிகா மேடம், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர்.

"ஏமண்டி சார், இது பிசிக்ஸா, பஜனையா?"

"பீட்ஸ் மேடம்."

"பீட்ஸ் ஓகே. ஒர்க்‌ஷீட் எக்கட? பக்கத்து செக்‌ஷன்ல ரெண்டு ஒர்க்‌ஷீட் முடிச்சாச்சு."

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பயந்துபோய்ப் பெட்டியை மூடினேன், போர்வையைச் சுற்றினேன், ஒர்க்‌ஷீட்டை எடுத்தேன். மெழுகு உள்ளேயே இருந்துவிட்டது.

நடுவழியின் இரண்டு ஓரம்

எங்கள் சபையில் ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். நடுவில் போக வர வழி. அப்பா இடப்பக்க பெஞ்சின் வழியோர இடத்தில் உட்காருவார். அம்மா அதற்கு நேர் எதிரே, வலப்பக்க பெஞ்சின் வழியோர இடத்தில். பாட்டுக்கு எழுந்து நின்றால் இரண்டு பேருக்கும் நடுவே நாலடி இருக்கும்.

இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பாட்டெல்லாம் மனப்பாடம். அம்மா பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டுதான் பாடுவாள். பக்கத்தில் லில்லி அத்தை பக்கம் திருப்பினால் அம்மாவும் திருப்புவாள்.

அம்மாவுக்குச் சுருதி சுத்தம். அப்பாவுக்கு அது வராது. எப்போதும் ஒரு நூல் கீழேதான் பாடுவார். டேவிட் மாமா அவரைக் காயரில் சேர்க்கவே இல்லை. "லாசர், நீ ஒர்க்‌ஷாப்புல பாடு, சுத்தியல் சத்தத்துல தெரியாது" என்பார். அப்பா சிரித்துவிட்டு, நடுவழி ஓரத்தில் நின்று, சத்தமாகவே பாடுவார்.

அப்பாவுக்கு நுரையீரலில் வியாதி வந்தபோது நாற்பது நாள் உபவாசமிருந்து ஜெபித்தோம். நாற்பத்தோராம் நாள் அவர் இறந்து போனார்.

என் விசுவாசத்தைப் பற்றி எழுதச் சொன்னால் இந்த இடத்தில்தான் எனக்குக் கை நிற்கும். வகுப்பில் ஒரு சோதனையைப் பத்து தடவை செய்தால் பத்து தடவையும் ஒரே விடை வர வேண்டும். ஜெபத்தை அப்படிச் சோதிக்க முடியவில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறும் போனேன். பேஸ் வரிசையில் நின்றேன். ஏன் போனாய் என்றால், பாடத்தான் என்பதைவிட நல்ல பதில் இன்றைக்கும் என்னிடம் இல்லை.

அம்மாவும் வந்தாள். ஆனால் பாடவில்லை. புத்தகத்தை விரித்துப் பிடிப்பாள், லில்லி அத்தை திருப்பினால் திருப்புவாள், உதடு மட்டும் அசையாது. இரண்டு வருஷம் அப்படியே போனது. அவளிடம் யாரும் இதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தப் பெரிய வெள்ளியில், பெட்டி குலுங்கியபோது, முக்காடுகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் எழுந்தது. அம்மாவின் குரல். கடைசி இரண்டு அடியையும் முழுசாகப் பாடினாள்.

சாட்சி

எங்கள் சபைகளில் சாட்சி சொல்வது என்று ஒரு வழக்கம் உண்டு. கடவுள் தனக்குச் செய்ததை ஒருவர் எழுந்து சபைக்கு முன்னால் சொல்வார். ஆராதனை முடிந்து வெளியே வருவதற்குள் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. ஈஸ்டர் காலை ஆராதனையில் அம்மா சாட்சி சொல்கிறாள். பாஸ்டரே கேட்டாராம். அம்மாவும் சரி என்றுவிட்டாளாம். வாழ்க்கையில் நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை பேசாதவள்.

வெள்ளி சாயங்காலம் லில்லி அத்தை எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து அதையே மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனாள். "எஸ்தரு, உனக்காகத்தான் பெட்டி அழுதுச்சு."

சொல்லாமலே விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அம்மா பாடிவிட்டாள், வேறென்ன வேண்டும். ஆனால் திங்கட்கிழமை நான் வகுப்பில் போய் நின்று, கண்ணால் பார்த்ததை எழுதுங்கள், காதால் கேட்டதை எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமே. அதைவிட இன்னொரு பயம். என்றைக்காவது டேவிட் மாமா பெட்டியைத் திறப்பார், மெழுகைப் பார்ப்பார். அன்றைக்கு அம்மாவைப் பார்த்துச் சபை சிரிக்கும்.

சொன்னால், அவள் வாயை மறுபடி மூடிக்கொண்டால்?

சனிக்கிழமை காலை அம்மா ஈஸ்டருக்கான வெள்ளைப் புடவையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி போட்ட துணி சூட்டில் லேசாக மணந்தது.

"சாமு, உக்காரு. நான் சொல்றேன், தப்பிருந்தா சொல்லு." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜ் ஓரமாக நின்று கை கட்டிக்கொண்டாள். "சபையாருக்குத் தோத்திரம். நான் லாசர் பொண்டாட்டி எஸ்தர். அவரு போனதுலேர்ந்து எனக்குப் பாட்டு வரல. பெரிய வெள்ளியில கர்த்தரு பெட்டிய அழவச்சி எம் வாயைத் தெறந்தாரு." நிறுத்தினாள். "எப்டி?"

"நல்லாருக்கும்மா."

"நீ வாத்தியாரு. நல்லாருக்குன்னா எத்தினி மார்க்கு?"

"அம்மா, அது மெழுகு."

"இன்னா மெழுகு?"

சொன்னேன். பெட்டியைக் கேட்காமல் எடுத்தது, போர்வை, சைக்கிள், ராதிகா மேடம், எடுக்க மறந்தது, எல்லாவற்றையும். அம்மா இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். புடவையை நாலாக மடித்தாள். அந்த மடிப்பைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"எந்த மெழுகு?"

"பீடத்துல மிஞ்சினதும்மா."

"கர்த்தரோட மெழுகையும் எட்துனு போயிருக்கே." செருப்பைத் தேடினாள். "வா, காட்டு."

"இப்பவா?"

"பின்ன எப்போ? நாளைக்கு அத்தினி பேரு முன்னாடி நீயா நிக்கப் போறே?"

ஒன்று மட்டும் இருந்தால் ஆடாது

கோயிலில் டேவிட் மாமா தனியாக உட்கார்ந்து பித்தளைச் சிலுவையைத் துலக்கிக்கொண்டிருந்தார். அவரிடமும் சொல்ல வேண்டியதாயிற்று.

"கைக்குடா இந்த வேலை?" என்றார். ஏன் என்பது ஹைதராபாத் பேச்சில் 'கைக்கு'. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா மாமா?"

கொஞ்சம் யோசித்தார். "நக்கோ. குடுத்திருக்க மாட்டேன்."

பெட்டியின் திருகுகளைக் கழற்றி ரீடு பலகையைத் தூக்கினேன். பித்தளை நாக்குகள் வரிசையாக. அதில் ஒன்றின் முனையில், அரிசிக் குருணை அளவுக்கு, வெள்ளையாக.

"இத்தினூண்டா?" என்றாள் அம்மா.

பலகையைப் பொருத்திவிட்டு, அவளையே கட்டையை அழுத்தச் சொன்னேன். எத்தனை வருஷம் அந்தப் பெட்டிக்கு எதிரே நின்று பாடியிருக்கிறாள், ஒரு தடவையும் அதைத் தொட்டதில்லை. விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு அழுத்தினாள். டேவிட் மாமா துருத்தியைப் பிடித்தார். பெட்டி குலுங்கியது.

"எடுத்துட்டுக் காட்டு."

மெழுகைச் சுரண்டி எடுத்தேன். சத்தம் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது.

"திரும்ப வை."

"எதுக்கும்மா?"

"வைடா."

வைத்தேன். அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள். கட்டையை விடாமலே பேசினாள்.

"ஒண்ணு சரியா நிக்குது. ஒண்ணு ஒரு நூலு கீழ நிக்குது. அதானே?"

"அதான்."

"ரெண்டும் சேந்தாத்தான் இந்த ஆட்டம். ஒண்ணு மட்டும் இருந்தா ஆடாது."

"ஆடாதும்மா."

எட்டாம் வகுப்பில் இதை விளக்க எனக்கு நாற்பது நிமிஷம் ஆனது.

"உங்கப்பா எங்கூட பாடறப்போ எங்காதுல இப்டித்தான் கேக்கும்," என்றாள். "இப்பதான் புரியுது. வெள்ளிக்கெழமை அதான் வாயி தெறந்துச்சு."

டேவிட் மாமா துருத்தியை விட்டுவிட்டார். சத்தம் நின்றது. சிலுவையை எடுத்து, துலக்கிய பக்கத்தையே மறுபடி துலக்க ஆரம்பித்தார்.

"ஹவ், ஆமா," என்றார் யாரையும் பார்க்காமல். "லாசர் எறங்கித்தான் பாடுவான்."

திரும்பி நடக்கும்போது, சாட்சியை வேண்டாம் என்று பாஸ்டரிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

"கைக்கு?" என்றாள் அம்மா. "பொடவ தேச்சாச்சு."

ஈஸ்டர்

ஈஸ்டர் காலை கீபோர்டின் கறுப்புத் துணியை எடுத்துவிட்டிருந்தார்கள். லில்லிப் பூ வாசனையும் புதுத்துணி வாசனையும். பாஸ்டர் அம்மாவின் பெயரைச் சொன்னார். அம்மா எழுந்து, நடுவழியில் ஒரு அடி எடுத்து வைத்து, கை கட்டிக்கொண்டாள்.

"சபையாருக்குத் தோத்திரம். நான் லாசர் பொண்டாட்டி எஸ்தர். பெரிய வெள்ளியில பெட்டி அழுவல."

நான் முன்னாலிருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

"எம்மவன் இஸ்கோல் புள்ளைங்களுக்குப் பாடம் காட்றதுக்கு உள்ள மெழுகு வச்சிட்டு எடுக்க மறந்துட்டான். கேக்காம எட்துனு போனது தப்பு, அதுக்கு நீங்களே அவன இன்னா பண்ணணுமோ பண்ணுங்க." என் பக்கம் பார்க்கவேயில்லை. "ஆனா நான் பாடுனேன். ரெண்டு வருசம் கழிச்சி. அது நடந்தது. அதுக்கு மட்டும் தோத்திரம்."

போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஆமென் சொல்வதா வேண்டாமா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் லில்லி அத்தைதான்.

"அப்ப நான் அவ்ளோ அழுதது மெழுவுக்கா?"

முதலில் சிரித்தது அம்மா. பிறகு பெண்கள் பக்கம் முழுக்க. பாஸ்டர் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். எதிர்க்காற்றில் வெகுதூரம் சைக்கிள் மிதித்து வரும்போது சட்டென்று காற்று விழுந்துவிடும் இல்லையா. உடம்பு அப்படி லேசானது.

பள்ளி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பாடத் தேர்வில் பீட்ஸ் கேள்விக்கு, "இட் ஷிவர்ஸ்" என்று ஒருவன் விடை எழுதியிருந்தான். ராதிகா மேடம் என்னைக் கூப்பிட்டார். வேலை போகப் போகிறது என்று நினைத்துப் போனேன். அதற்கு மார்க் போடலாமா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தார். போடலாம் என்றேன். அரை மார்க் போட்டார். "அடுத்த வருஷம் பெட்டி கொண்டுவாங்க சார். ஒர்க்‌ஷீட் முடிச்சிட்டு," என்றார்.

சபையில் தண்டனையை டேவிட் மாமா முடிவு செய்தார். ரீடுகளை எல்லாம் நானே துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு மாதம் காயர் வரிசையில் எனக்கு இடமில்லை, போய்ச் சபையாரோடு உட்கார வேண்டும்.

அடுத்த ஞாயிறு போனபோது இடப்பக்க பெஞ்சுகளில் அந்த ஒரு இடம்தான் காலியாக இருந்தது. நடுவழி ஓரம். உட்கார்ந்தேன். பாட்டுக்கு எழுந்தோம். அம்மா புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு பாடினாள். நானும் பாடினேன், காயரில் பாடுவதுபோல அடக்கி வாசிக்காமல், சத்தமாக.

இரண்டாம் அடி முடியும் இடத்தில் அம்மா பக்கம் திருப்பினாள். நாலடி தள்ளி நின்ற என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"நீயும் எறங்குறடா," என்றாள்.